கடைசிப் பத்தி

அடையாறில் ஒரு வீட்டு மாடி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எட்டு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காருவோம். எல்லோரும் மனைவியை அடித்தவர்கள். நான் பத்திரிகையில் இருபது வருடத்துக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்தவன். அங்கே அதை யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி மயிலாப்பூரில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். நான் ஒழுங்காக அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போய்வந்தால், வீட்டுக்கு வருவது பற்றிப் பிறகு யோசிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஐந்தாவது வாரம், கூட்டத்தை நடத்தும் ஆலோசகர் அம்மா, கடைசியாக அடித்த நாளை ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். சிறு வயதில் நாங்கள் பட்டதையும் எழுதலாம். அந்தக் காயங்களையும் சேர்த்துப் பார்த்தால் மறுபடி கை ஓங்குவது குறைகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது என்றார்.

நான் எழுதியது நன்றாகவே வந்திருந்தது. அப்பாவின் பெல்ட், பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நான், சுவரில் சுண்ணாம்பு வாசனை. வாசித்து முடித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர் மட்டும் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், ஊட்டுக்காரம்மா எங்க?"

"கடைசியில இருக்கு."

"ரெண்டு வரி கீது. கைய ஒடச்சேன்னு கீது. எந்தக் கைன்னு கூடக் காணோம். உங்க நைனா பெல்ட்டுக்கு மட்டும் பக்கிளு, கலரு எல்லாம் எய்தி வச்சிக்கீறியே!"

யாரோ சிரித்தார்கள். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகையில் முக்கியமானது மேலே வரும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். கடைசிப் பத்தியை நான் பல நாள் படிக்காமலே வெட்டியிருக்கிறேன். அவளை அங்கே வைத்திருந்தேன்.

"உங்கப்பா அடிச்சது உண்மை. அதையும் இங்க பேசுவோம்," என்றார் ஆலோசகர். "ஆனா நீங்க மாறிட்டீங்களான்னு உங்களைக் கேட்க மாட்டேன். மாசாமாசம் உங்க மனைவிக்குத்தான் போன் பண்ணிக் கேக்கறேன்."

"என்ன சொன்னா?"

"அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அடுத்த சனிக்கிழமை வேறு தாள் கொண்டுபோனேன். இடது கை மணிக்கட்டு. காலை எட்டரை. காபி ஆறியிருந்தது என்பது காரணம். அவள் கத்தவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தாள். அப்பா கடைசிப் பத்தியில் இருந்தார். இந்த முறை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

மாதக் கடைசியில் அவள் கூப்பிட்டாள்.

"நான் அக்கா வீட்லயே இருந்துக்கறேன்."

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரண்டாவது தாள் சட்டைப் பையில்தான் இருந்தது.