அளவுக்கு ஒரு ஆள்

கொடைக்கானலில் வந்து குடியேறுகிறவர்களுக்கு முதல் வருடம் மூட்டுவலி வரும். இரண்டாம் வருடம் வரலாறு வரும். மூன்றாம் வருடம் அந்த வரலாற்றை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பழைய இடங்களைக் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் எங்கள் பாரம்பரிய நடையை நடத்திய பெரியவர் அந்த மூன்றாம் வருடத்தில் இருந்தார். சென்னையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி போட்டிருப்பார். கையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு குச்சி இருக்கும். எந்தப் பழைய கல்லைப் படமெடுத்தாலும் பக்கத்தில் அந்தக் குச்சியை நிறுத்துவார். கல்லின் உயரம் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டுமாம்.

நான் செண்பகனூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களை டவுன் பஸ் ஜன்னல் வழியாக நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அவற்றை இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குத் தோன்றியது. நடைக்கு அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாருக்கு என்ன விபத்து நேரலாம் என்று யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சம்பளம் இல்லாமலும் அந்த வேலையை நான் வீட்டில் செய்வதாகச் சொல்வாள் என் மனைவி. அன்று என் பையில் பாண்டேஜ், டெட்டால், வாந்தி மாத்திரை, அட்டைப்பூச்சிக்கு உப்பு எல்லாம் இருந்தன. மகளுக்கு ஒரு ஸ்வெட்டரும் அதன்மேல் ஜெர்கினும் மாட்டிவிட்டிருந்தேன்.

முதலில் ஒரு பழைய தேவாலயம். பெரியவர் வாசலில் நின்று வளைவுகளைப் பற்றியும் வண்ணக் கண்ணாடிகளைப் பற்றியும் பேசினார். இதெல்லாம் அழிந்துகொண்டிருக்கிற பாரம்பரியம் என்று அவர் குரல் தழுதழுத்தபோது உள்ளே மறுநாள் கல்யாணத்துக்காக இரண்டு பேர் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார், படத்தில் வாளி விழுகிறதென்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். அவரையும் ஒதுங்கச் சொன்னார்கள். அவர் ஒதுங்கவில்லை. கடவுளிடம் ஏதோ பெரிய சோலியாக வந்திருந்தார் போல. எங்கள் பன்னிரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பீடத்தின் பக்கத்தில் குச்சியை நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்தக் குச்சியை அங்கேயே மறந்துவிட்டு வந்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்து வேனில் பேத்துப்பாறைப் பக்கம். பூண்டு வயலுக்கு மேலே, ஒரு தங்கும் விடுதிக்காரரின் இடத்தில், பாறை மேட்டில் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகை பலகையான கற்களை நட்டு, மேலே ஒரு மூடுகல்லை வைத்துக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். பாதி சரிந்து கிடந்தன. ஒன்று மட்டும் அதிசயமாக நிமிர்ந்து நின்றது. அதன் முன்பலகையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் துளை.

ஊர்க்காரர்கள் இதைக் குள்ளர் வீடு என்று சொல்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். படிக்காத சனங்கள் கதை கட்டுவார்கள், இது இறந்தவர்களுக்காகக் கட்டியது, மூவாயிரம் வருடமாக இந்தக் கல் இதே இடத்தில் அசையாமல் நிற்கிறது என்றார். அந்த முன்பலகையைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியும் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதிர்வு தெரிகிறது என்றார்.

படமெடுக்கும்போதுதான் குச்சி இல்லை என்று தெரிந்தது. அளவுக்கு ஏதாவது வேண்டுமே என்று பெரியவர் சுற்றிப் பார்த்தார். அங்கிருந்ததில் சின்னது என் மகள்தான். அவளைத் துளைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றாள். கையைத் துளைக்குள் விடச் சொன்னார், துளையின் அகலம் தெரியும் என்று. விட்டாள். தலையும் போகுமா பார் என்றார் சென்னைப் பெண்மணி. உள்ளே பாம்பு இருக்கும் என்றேன் நான். அவளுக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். இத்தனை பேர் நடுவில் அப்பன் இப்படி இருந்தால் பதினாலு வயதுப் பெண் வேறென்ன செய்வாள்? இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நீச்சலடிக்கிறவள் மாதிரி உள்ளே பாய்ந்தாள். நெஞ்சு வரை போனாள். எல்லாரும் கைதட்டினார்கள். இடுப்பு உள்ளே போகவில்லை. திரும்பி வர முயன்றபோது ஜெர்கினும் ஸ்வெட்டரும் சுருண்டு விலாவுக்கும் கல்லுக்கும் நடுவில் திரண்டுகொண்டன. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. வெளியே இடுப்பும் இரண்டு காலும் மட்டும்.

கொஞ்ச நேரம் அதுவும் வேடிக்கையாக இருந்தது. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, மூச்சு முட்டுதுப்பா."

நான் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தால் அலறினாள். விட்டால், விடாதீங்க என்றாள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தளர்வாக விடு என்றார் ஒருவர். தியானம் மாதிரி மூச்சை எண்ணு என்றார் சென்னைப் பெண்மணி, செல்போனை இறக்காமலேயே. கீழே பூண்டு வயலிலிருந்து ஒரு அண்ணனும் அவர் மனைவியும் சத்தம் கேட்டு ஏறி வந்தார்கள். அந்த அண்ணன் கால்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே ஏதாவது கெடக்கா என்பதுதான். புதையல் தேடி நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் யாரும் பிள்ளையை அனுப்பியதில்லை என்றார். அவர் மனைவி அவரைத் திட்டிவிட்டு, குடத்துத் தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்துத் துளையைச் சுற்றி ஊற்றினார். நுரை வந்தது. மகள் வரவில்லை. சோப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கண்ணில் பட்டு அழ ஆரம்பித்தாள்.

மேலே மஞ்சு இறங்கிப் பாறைகளை மறைத்துக்கொண்டிருந்தது. என் பையில் இருந்த எதுவும் எதற்கும் ஆகவில்லை.

"அண்ணே, கடப்பாரை இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் போய் எடுத்து வந்தார். அப்போதுதான் பெரியவர் கையை விரித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், ப்ளீஸ். உங்க வருத்தம் புரியுது. ஆனா இது மூவாயிரம் வருஷத்துக் கல்லு சார்."

"என் பொண்ணுக்குப் பதினாலு வயசுங்க."

"எமோஷனலா முடிவு எடுக்கக் கூடாது. யாராவது எக்ஸ்பர்ட்ட கூப்பிட்டுக் கேட்டுட்டு…"

"நீங்க நகருங்க சார்," என்றார் பூண்டு வயல் அக்கா. "இல்ல, நீங்க உள்ள போங்க, புள்ள வெளிய வரட்டும்."

இதில் என்னால் மறக்க முடியாதது வேறொன்று. வந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். அவர்களில் ஐந்தாறு பேர் நகர்ந்து பெரியவர் பக்கத்தில் போய் நின்றார்கள். கெட்டவர்கள் இல்லை. வேனில் என் மகளுக்குச் சாக்லேட் கொடுத்தவர்கள். கல் ஒன்றுதான் இருக்கிறது, திரும்பக் கிடைக்காது என்று ஒருவர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு மகளும் ஒன்றுதான். கணுக்கால் என் கையில் குளிர்ந்துகொண்டே போனது.

உள்ளேயிருந்து வந்த அழுகை நின்றது. நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. பாப்பா என்று கூப்பிட்டேன். கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. பழைய சுவரில் யாராவது பேர் கிறுக்கியிருந்தால் கோபப்படுகிற பெண் அவள். காலையில் தேவாலயத் தூணில் சாய்ந்து நின்றதற்கு என்னைக் கடிந்துகொண்டவள்.

"ஒடைச்சிருங்கப்பா."

மூடுகல்லுக்கும் முன்பலகைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். விரல்கள் நுழைந்தன. மூடுகல்லைப் பக்கக் கற்கள்தான் தாங்கின. முன்பலகையைச் சாய்த்தால் மேலிருப்பது விழாது என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். அண்ணனிடம் பலகையின் அடியில் தோண்டச் சொன்னேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடப்பாரை மண்ணில் இறங்கியது. இரண்டாவது குத்தில் ணங்கென்றது. அண்ணன் மண்ணைக் கையால் விலக்கினார். பலகையின் அடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் கலவை, மழமழவென்று, கரண்டியால் இழுத்த தடம் கூட அழியாமல். அதற்குள் பாதி புதைந்து ஒரு குர்குரே பாக்கெட்.

சரிந்து கிடந்த பலகையை விடுதிக்காரர் விருந்தாளிகளுக்காக நிமிர்த்தி நட்டிருக்க வேண்டும். பாக்கெட்டின் நிறம் கூட மங்கவில்லை. பெரியவர் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கன்சர்வேஷன் பண்ணியிருக்காங்க போல," என்றார்.

அதன் பிறகு கல்லுக்கு ஆதரவாக யாரும் நிற்கவில்லை. மூவாயிரம் வருடமும் அதே கல்லில்தான் இருந்தது, ஆனால் குர்குரே பாக்கெட்டைப் பார்த்த பிறகு அது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சிமெண்ட் என்றதும் பெரியவருக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டு, எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்று கைகாட்ட ஆரம்பித்தார். நாலு பேர் மூடுகல்லுக்குத் தோள் கொடுத்தார்கள். அதிர்வு உணர்ந்த பெண்மணி செல்போனைப் பையில் போட்டுவிட்டு என் மகளின் இடுப்பைத் தாங்கிக்கொண்டார். சிமெண்ட் அதிக நேரம் தாங்கவில்லை. மணல் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். விடுதிக்காரர் கஞ்சன். அந்தக் கஞ்சத்தனத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பலகை எங்கள் பக்கம் மெல்லச் சாய்ந்தது. மேலே திறந்த இடைவெளியில் கையை விட்டு, சுருண்டிருந்த துணியை இழுத்துத் தளர்த்தினேன். அவள் சோப்பு நுரையும் மண்ணுமாக என் மடியில் வந்து விழுந்தாள்.

விலாவைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். வேறொன்றுமில்லை. பூண்டு வயல் அக்கா அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, புள்ள வெறயலோட இருக்கு என்றார். நடுங்கிக்கொண்டிருந்தது நான்தான்.

மறுநாள் நடைக் குழுவின் வாட்ஸப்பில் பெரியவர் படங்களைப் போட்டார். தேவாலயப் படத்தில் குச்சி கம்பீரமாக நின்றது. கற்திட்டைப் படத்தில் வட்டத் துளையும் அதிலிருந்து நீட்டிய இரண்டு கால்களும். கீழே இப்படி எழுதியிருந்தார்: "பெருங்கற்காலக் கற்திட்டை. அளவுக்காக ஒரு சிறுமி." பல பேர் கைகூப்பியிருந்தார்கள். சிமெண்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பலகையை மறுபடி நிமிர்த்திவிட்டார்கள் என்று கேள்வி. இந்த முறை மணல் குறைவாகப் போட்டிருப்பார்கள்.

நான் குழுவை விட்டு வெளியேறினேன். என் மகள் வெளியேறவில்லை. அடுத்த நடை தாண்டிக்குடிக்காம், போக வேண்டும் என்கிறாள். குச்சியை மறக்க மாட்டார்கள், அவளே ஞாபகப்படுத்துவாளாம்.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நேற்று அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினாள். தலை உள்ளே போனதும் என் கை தானாகப் போய் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. விடுங்கப்பா, இது கட்டில் என்றாள் உள்ளேயிருந்து. கட்டில் என்று எனக்கும் தெரியும். அவள் முழுதாக வெளியே வந்த பிறகுதான் விட்டேன்.