கச்சானில் விரித்த கூடாரம்

என் மனைவியின் அண்ணனும் நானும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டால் கறிக்கு மிளகாய் போடத் தேவையில்லை என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு கதை உண்டு. சொன்னவர் பக்கத்து வீட்டு மாமி. எனக்கெதிரான கதைதான். ஆனாலும் நல்ல கதையை ஏன் மறைப்பான்?

மச்சான் கத்தாரில் வேலை செய்கிறார். லீவு கிடைப்பது அருமை. கிடைத்தாலும் ஆடி மாதத்தில்தான் கிடைக்கும். இந்தமுறை வரும்போது பெட்டிக்குள் ஒரு கூடாரமும் வந்தது. மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், அதற்குள் ஓர் இரவு தங்கி, விடியலில் உலக முடிவு என்கிற அந்தப் பாறை விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டுமாம். அவர், தங்கச்சி, நான் மூன்று பேரும்.

என் மனைவி துள்ளினாள். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வெளிநாடு போனவர் அவர். இருவரும் சேர்ந்து ஒரு பயணம் போனதே இல்லை. அடுத்த லீவுக்குள் அவருக்குக் கலியாணம் ஆகிவிடும், பிறகு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மலை ஏற அவருக்கு எங்கே நேரம்? இந்த ஆடியை விட்டால் இல்லை என்பது அவள் எண்ணம். அதனால்தான் நானும் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, வாய் சும்மா இருக்கவில்லை.

“பாணும் சம்பலும் கொஞ்சம் பொரிச்ச கருவாடும் கொண்டுபோவம்” என்றேன்.

“அங்க சிறுத்தை திரியுது மச்சான். உங்கட கருவாட்டு மணத்துக்கு அது குடும்பத்தோட வரும்.”

“வரட்டுமே. நல்லாக் கொழுத்த ஆளைப் பாத்துத்தானே முதல்ல பிடிக்கும்.”

“ரெண்டு பேரும் சாப்பாட்டை விடுங்கோ. படுக்கிறதைக் கதையுங்கோ” என்றாள் மனைவி.

படுக்கை கதைத்தோம், போர்வை கதைத்தோம், கூடாரம் அடிக்கும் இடத்தைப் பதிந்தும் விட்டோம். மழையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் திருகோணமலையில் ஆடியில் மழையைப் பற்றிக் கதைத்தால் சிரிப்பார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும், கிணறு அடியைக் காட்டும், கொடியில் விரித்த சேலை மறு நுனியை விரிக்கமுன் காய்ந்துவிடும். மழை என்றால் மார்கழி. இந்த நாடு முழுக்க அப்படித்தான் என்று மூன்று பேரும் நம்பியிருந்தோம்.

ஒரு பின்னேரம் கூடாரத்தை முற்றத்தில் விரித்துப் பழகிப் பார்த்தோம். பாலைவனத்துக்கென்று செய்த மெல்லிய சாமான் அது. எங்கள் முற்றமோ வெறும் மணல். நான்கு மூலையிலும் ஆணி அறைந்து, கயிறு கட்டி, மச்சான் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். கச்சான் ஒருமுறைதான் மூச்சு விட்டது. கூடாரம் எழும்பி வேலியைத் தாண்டி மாமியின் முருங்கையில் போய்க் குந்தியது.

“ஆடிக்காத்தில அம்மியே பறக்குமாம். உந்தத் துணியைப் போய் விரிக்கிறியளே தம்பிமார்!” என்று மாமி கத்தினார்.

“கயித்துக்கடை வச்சிருக்கிற மனுசனுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியேல்லை” என்றார் மச்சான்.

“கயிறு அறேல்லை. உங்கட ஆணிதான் புடுங்கிக்கொண்டு போனது. வடிவாப் பாருங்கோ.”

அன்றைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு, என் மனைவி வழியாகத்தான்.

முருங்கைக் கொப்பு கூடாரத்தில் போட்ட கிழிசலை அவள் தைத்துக்கொண்டே, நுவரெலியாவில் படிப்பிக்கிற தன் கூட்டாளிக்குப் போன் எடுத்தாள். என்ன மாதிரிக் கம்பளிச் சட்டை வேண்டும் என்று கேட்கத்தான். கை வேலையாக இருந்ததால் போனின் குரலை வெளியே விட்டிருந்தாள்.

“இப்பவோ வாறாய்? உனக்கென்ன விசரோ? இஞ்ச மழை விட்டபாடில்லை. மேல சமவெளியில ஆளை நிமிர விடாத காத்து. உலக முடிவில நிண்டா வெள்ளைப் பனிதான் தெரியும். மாசியில வா.”

எங்களை வேகவைக்கிற அதே காற்றுத்தான். கையிலிருந்த மழையெல்லாம் அந்த மலையில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு எங்களிடம் இறங்கி வருகிறது. காற்றை மணந்து சொல்லுவோம் என்று மார்தட்டுகிற துறைமுகத்துச் சனம் நாங்கள். அந்தக் காற்று எங்கே குளித்துவிட்டு வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“அப்ப மாசியில பாப்பம்” என்றேன். குரலில் சந்தோசம் கொஞ்சம் தெறித்திருக்கலாம்.

மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் இடித்து வைத்தார். “மாசியில எனக்கு லீவு ஆர் தாறது, உங்கட கொப்பரோ?”

“என்ர அப்பாவை இழுக்காதையுங்கோ.”

“முதல் நாளில இருந்தே உங்களுக்கு விருப்பமில்லை. இவளை ஏவிவிட்டுப் போன் எடுக்க வச்சதும் நீங்கள்தான்.”

“ஓம், மழையையும் நான்தான் ஏவிவிட்டனான். இந்த வீட்டில திண்டுகொண்டு எனக்கே கதை சொல்லாதையுங்கோ.”

சோற்றைச் சொல்லிக்காட்டினால் சொந்தம் வாசலோடு சரி என்பார்கள். மச்சானின் முகம் கறுத்தது. உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நான் போறன்.”

“எங்க?” என்றேன்.

“அண்ணாவோட, மலைக்கு.”

“மழையப்பா. ஒண்டும் தெரியாதாம்.”

“ஒண்டும் தெரியாததைப் பாத்திட்டு வாறன்.”

“கூடாரம் நிக்காது.”

“நிக்காட்டி எங்கையாவது ஒரு அறை எடுப்பம்.”

“நான் வரமாட்டன்.”

“உங்களை ஆர் கேட்டது?”

இதைச் சொல்லும்போது அவள் கோபமாகக்கூட இல்லை. தைத்த இடத்தை இழுத்து, பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் புறப்பட்டபோது நான் படலை வரை போகவில்லை. வீட்டுக்குள் நின்று வேன் சத்தம் குறைவதைக் கேட்டேன். நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் எவராவது நிரூபிக்கட்டும்.

மறுநாள் ஒரு படம் வந்தது. முழுக்க வெள்ளை. நடுவில் நனைந்த இரண்டு முகங்கள். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவர் அவள் தலைக்கு மேல் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மழையோ?” என்று எழுதி அனுப்பினேன். ‘நீங்கள் சொன்னதுதான் சரி’ என்று அவள் எழுதுவாள் எனப் பார்த்திருந்தேன். வந்தது மச்சானின் குரல்.

“நல்ல குளிர் மச்சான். அங்க எப்பிடி, வேகுதோ?”

 வெந்துகொண்டுதான் இருந்தேன்.