சாம்பலைத் தானம் கொடுத்தோம்

எங்கள் பட்டறை எரிந்ததைவிட, எரிந்த மறுநாள் நடந்ததுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

எண்பதுகளில் ஒசூரில் புதுப்புதுத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. இயந்திரப் பாகங்களை வெளியூருக்கு அனுப்ப அவர்களுக்கு மரப்பெட்டி வேண்டும். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நானும் என் வீட்டுக்காரரும் பெட்டி செய்தோம். அவர் பலகை அறுப்பார், நான் ஆணி அடிப்பேன். பொம்பளை சுத்தியல் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் டீக்கடையிலிருந்து எழுந்து வருவார்கள். பார்க்கட்டுமே என்று நானும் ஓங்கியே அடிப்பேன்.

தீ இன்சூரன்ஸ் எடுக்க வைத்தது நான்தான். "எரியறதுக்கு முன்னாடியே காசைக் கொண்டுபோய்க் கொட்டறியே" என்று அவர் கிண்டல் செய்தார்.

தை மாதம் ஒரு மத்தியானம். நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கரண்டு மெயின் பெட்டியில் பொறி கிளம்பி, கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள், அனுப்புவதற்காக அடுக்கியிருந்த பெட்டிகளும் பக்கத்திலிருந்த வெறும் பலகைகளும் தணலாகிவிட்டன. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், சேதி கேட்டு ஓடிவந்தார்.

"போதும்டா இந்தப் பொழப்பு. இன்சூரன்சு வந்தா பாரு. வரலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு மண்டிக்கு வந்துடு."

இவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டிக்குப் போனால் இவர் கூடை எண்ணுவார், எனக்கு மூத்தார் வீட்டுச் சமையல்கட்டு. அதற்கா இத்தனை வருஷம் கை காய்ச்சுப்போக ஆணி அடித்தேன்?

மறுநாள் காலையில் இன்சூரன்ஸ் ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போனேன். எங்கள் பக்கத்தில், தீப்பிடித்த இடத்தில் கரியை விட்டுவைக்க மாட்டார்கள், தரித்திரம் என்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். கெலவரப்பள்ளி விவசாயி ஒருவர், மரச்சாம்பல் தக்காளிக்கு நல்லது என்று மாட்டுவண்டியோடு வந்தார். "யாருக்காச்சும் பிரயோஜனப்படட்டும்" என்று என் வீட்டுக்காரரும் தாராளமாக அள்ளிக் கொடுத்துவிட்டார். நான் திரும்பியபோது தரையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எரிந்தது போதாதென்று கற்பூரம் வேறு!

நஷ்டத்தை நேரில் பார்த்து மதிப்பிட, சேலத்திலிருந்து சர்வேயர் வந்தார். பளிச்சென்று இருந்த தரையைப் பார்த்தார்.

"எரிஞ்ச சரக்கு எங்கம்மா?"

"எரிஞ்சுபோச்சே சார்."

"சரி, கரி, சாம்பல், ஏதாவது மிச்சம்?"

"எல்லாம் சுத்தம் பண்ணிட்டோம்."

பேனாவை மூடிவிட்டார். "நாங்க வந்து பாக்கற வரைக்கும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதும்மா. மரம் வாங்கின பில் இருக்கு, சரி. அன்னைக்கு உள்ளே சரக்கு இருந்துச்சுன்னு நான் எதைப் பார்த்து எழுதறது? வித்துட்டு, எரிஞ்சுபோச்சுன்னு சொல்றவங்களையும் பாத்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைத் திருடி என்கிறாரா? ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்று அந்தக் கோபத்திலும் உறைத்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க சார். சாம்பலைக் காட்டறேன்."

"அது இந்நேரம் மண்ணோட கலந்திருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சாருக்கு டீ வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவருடைய சைக்கிளை எடுத்தேன்.

கெலவரப்பள்ளித் தோட்டத்தில் சாம்பலை இறைத்துத் தண்ணீரும் பாய்ச்சியாகிவிட்டது. அந்த விவசாயி தெலுங்கு பேசுகிறவர். என் முகத்தைப் பார்த்து, "ஏமைந்தம்மா? என்னா ஆச்சு?" என்றார். சொன்னேன்.

"அய்யோ, சாம்பல் போச்சும்மா. ஆணிங்க இருக்குது. எருது கால்ல ஏறிடும்னு சலிச்சுத்தான் போட்டேன்" என்று வரப்போரம் கைகாட்டினார்.

அங்கே ஒரு குவியல். ஆணிகளும், பெட்டியைச் சுற்றி நாங்கள் இழுத்துக் கட்டும் இரும்புப் பட்டைகளும். அவர் காலில் விழாத குறை. ஆனால் இந்தத் தடவை எனக்குப் புத்தி வந்திருந்தது. ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. "அண்ணா, யாரையும் கிட்ட விடாதீங்க" என்று அவரையே காவலுக்கு வைத்துவிட்டு, சர்வேயரை அழைத்துவரத் திரும்ப மிதித்தேன்.

சர்வேயர் வரப்பில் குந்தி, ஓர் ஆணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நுனி மடங்கியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"எல்லாம் ஏம்மா மடங்கியிருக்கு?"

"மறுபக்கம் வர்ற முனைய மடக்கி அடிப்போம் சார். லாரி எவ்வளவு குலுங்குனாலும் பெட்டி வாய் பிளக்காது."

"அப்ப இதெல்லாம் பெட்டியில ஏறின ஆணிதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அங்கேயே விவசாயியிடமும் விசாரித்தார். குவியலை எடைபோடச் சொன்னார். பிறகு பட்டறைக்கு வந்து, தன் எதிரிலேயே ஒரு பெட்டி அடித்துக் காட்டச் சொன்னார். பக்கத்துப் பட்டறையில் பலகை இரவல் வாங்கி அடித்தேன். அன்றைக்கு அடித்த மாதிரி வாழ்நாளில் அடித்ததில்லை. ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஆணி பிடிக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டார்.

"பெட்டிங்களுக்கு எழுதிடறேன். அடிக்காம வெச்சிருந்த பலகைக்குத்தான் அத்தாட்சி இல்ல."

"அது தக்காளிக்குப் போயிடுச்சு சார்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். 'அடுத்த வாரம் வாங்க' என்றால் அடுத்த வாரம் முதல் ஆளாய் நிற்பேன். என் தலையைப் பார்த்தாலே குமாஸ்தா ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார். மாங்காய் சீசன் தொடங்கும்போது பணம் வந்தது, எதிர்பார்த்ததில் பாதி. மூத்தாரும் டெம்போவோடு வந்து இறங்கினார், எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக. பாத்திரங்களையெல்லாம் வீட்டுக்காரர் மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார்.

"பாதிய வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவ?" என்றார் மூத்தார்.

"பாதிப் பலகை வாங்குவேன் மாமா."

மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வீட்டுக்குள்ளேயே தூக்கிப் போட்டேன். கதவைப் பூட்டினேன். டெம்போவில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "மர டிப்போவுக்கு விடுப்பா" என்றேன்.

டிரைவர் மூத்தாரைப் பார்த்தான். மூத்தார் தம்பியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டெம்போவின் பின்னால் ஏறினார்.