ரோபோவைத் தொடாத ஆன்டி

ரோபோ டீமில் ரோபோவைச் செய்பவர்களைவிட, அதைத் தொடக்கூடாதவர்களுக்குத்தான் வேலை அதிகம். பிள்ளையின் ஸ்கூல் டீமுக்கு வாலன்டியராகப் பெயர் கொடுத்துவிட்டு முழிக்கும் பெற்றோர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு இன்ஜினியர்தான் திறப்பார். நான் பி.காம்.

என் மகன் கவினுக்கு ஹைஸ்கூலில் இது கடைசி வருடம். ரோபோக்கள் பந்தைப் பிடித்துக் கூடையில் போடும் போட்டி. காலையெல்லாம் லீக் ஆட்டம். மதியம், முன்னணியில் இருக்கும் டீம்கள் தங்களுக்குப் பிடித்த டீம்களைக் கூப்பிட்டுக் கூட்டணி அமைக்கும். கூட்டணியில் இடம் கிடைத்தால்தான் ஃபைனல்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கலாம். எங்களை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த வருடமாவது கூப்பிடுவார்களா என்று கவின் தவித்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

என் தகுதி

பிள்ளைகள்தான் ரோபோவைச் செய்ய வேண்டும், பெற்றோர் தொடக்கூடாது என்பது எங்கள் டீமின் சட்டம். இன்ஜினியர் அப்பாக்களுக்குக் கை சும்மா இருக்காதே. முதல் மீட்டிங்கிலேயே என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் பிடிபட்டார். உடனே கோச் முரளி, கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினியர் இல்லாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். கை தூக்கியது நான் மட்டும்தான். ரோபோவுக்குக் காவல் இருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு மோட்டார் எது, பேட்டரி எது என்றுகூடத் தெரியாதே என்று இழுத்தேன்.

"அதுதானுங்க உங்க குவாலிஃபிகேஷன்," என்றார்.

எலுமிச்சம்பழம்

புது வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போமில்லையா? ரோபோவுக்கும் சக்கரம் இருக்கிறதே. போட்டிக்கு முந்தின நாள் சந்தனம், குங்குமம் இட்டு, முன் சக்கரங்களுக்கு எதிரே பழம் வைத்து, ஓட்டச் சொன்னேன். மஞ்சள் பந்தைக் கேமராவில் பார்த்ததும் தானாகப் போய் விழுங்க அதைப் பழக்கியிருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அது கொஞ்சம் பின்னால் நகர்ந்து, நிதானமாகப் பார்த்து, ஒரு பழத்தை லபக்கென்று விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடிப் புறப்பட்டது. கவின் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தான். சாயங்காலம் வரை பாதி ரோபோவைப் பிரித்துப் போட்டுப் பழத்தை எடுத்தார்கள்.

நான் மூலையில் நின்று ஸாரி சொல்லிக்கொண்டே இருந்தேன். ப்ரோக்ராம் எழுதிய அனன்யாவுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். ப்ராக்டிஸில் அது ஒரு பந்தைக்கூடப் பிடித்ததில்லையாம்.

"ஆன்டி, ஃபைனலி இட் காட் சம்திங்."

டேப்புக்கு வெளியே

போட்டி நாளில் ரோபோவைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருந்தோம். அப்பாக்கள் எல்லோரும் அதற்கு வெளியே. சிப் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் ஒரு அங்கிள், டேப்பின் விளிம்பில் நின்றுகொண்டு, ஒரு நட்டு லூஸாக இருக்கிறது என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். நான் முறைத்தேன். கடைசியில் என்னையே அதைத் திருகச் சொன்னார். பி.காம் திருகினால் அது டெக்னிக்கல் உதவி ஆகாது என்று வாதம் வேறு. முடியாது என்றேன்.

"அப்ப ஒரு துணியாவது போட்டு மூடிடுங்க. என்னால பாத்துட்டு நிக்க முடியல."

கூட்டணிப் பேச்சு

காலையெல்லாம் எங்கள் ரோபோ ஒரு பந்துகூடப் போடவில்லை. பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் தனியாகக் காவல் இருந்தபோது முன்னணி டீமின் கேப்டன், உயரமான ஒரு பெண், வந்து உங்கள் ரோபோ என்ன செய்யும் என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்ததுபோல இருந்தது எனக்கு. பந்து பிடிக்காது, வேகமாக ஓடாது, ரொம்ப கனம், எங்கேயாவது போய் நின்றுவிட்டால் யார் முட்டினாலும் நகராது, எல்லா டீம்காரர்களும் அதைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போகிறார்கள் என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கவின் வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளையின் கடைசி வாய்ப்பை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

மதியம் அந்தப் பெண் மைக்கைப் பிடித்து, முதலில் வேறொரு டீமைக் கூப்பிட்டாள். அடுத்து எங்களை! கவினுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை, நான்தான் முதுகில் தட்டி அனுப்பினேன். பந்து போட அவர்களிடம் ஆள் இருந்ததாம். எதிராளியின் வழியை மறித்துக்கொண்டு அசையாமல் நிற்க ஒரு ரோபோவைத் தேடி டீம் டீமாக ஏறி இறங்கினால், எல்லோரும் தங்கள் ரோபோ எல்லாம் செய்யும் என்றே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னேனாம். கவின் சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பி வந்தான்.

"அம்மா, இனிமே யூ டாக். வீ வில் ஜஸ்ட் ஸ்டாண்ட்."

ரோபோ என்னென்ன செய்யும் என்று சொல்ல டீமில் ஆயிரம் பேர் இருப்பதால், அது என்னென்ன செய்யாது என்று சொல்லத்தான் வாலன்டியர் பெற்றோரான எங்களை வைத்திருக்கிறார்கள்.