கீழ்க்குரல்

காலையில் வீணை, பத்து மணிக்கு வாய்ப்பாட்டு, மதியத்துக்கு மேல் சர்ச் கொயர். கோயம்புத்தூர் மகள் அனுப்பிய சின்ன ஸ்பீக்கரைப் போனோடு இணைத்து, தேவிகுளத்து மழையில் வேறு போக்கிடம் இல்லாமல், நேற்று முழுநாளும் பாட்டே கேட்டேன். சுகமாகத்தான் இருந்தது. ஓர் ஆலாபனைக்குள் ஏழு விளம்பரம் வந்தது. அதில் நான்கு பெயிண்ட். எண்ணாமல் இருக்க முடிவதில்லை. எஸ்டேட் கணக்குப்பிள்ளை நான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணியே வயதானவன்.

கொயர் தொடங்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அறையில் ஈரக் கம்பளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடையோடு கொஞ்சம் தைல வாடையும் சேர்ந்தால் அதுதான் எங்கள் எஸ்டேட் சர்ச். டிசம்பர் குளிரில் தொண்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு பன்னிரண்டு பேர் நிற்போம், ஆறு ஆண், ஆறு பெண். பதினொரு பேர் வேதக்காரர்கள். மிச்சம் ஒருவன் நான், நெற்றியில் விபூதியோடு.

இழுத்துப் போனவர் கம்பவுண்டர் அருள் அண்ணாச்சி. பெரட்டுக்களத்தில் என் குரலைக் கேட்டுவிட்டு வந்தார்.

"என்னவே, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு ஆள் எண்ணிக்கிட்டு இருக்கீரு? கொயருக்கு வாரும்."

"நான் விபூதி பூசுறவன், அண்ணாச்சி."

"பூசிக்கிட்டே வாரும். பேஸ் பாட ஆளில்ல."

பேஸ் என்றால் எல்லோருக்கும் அடியில் ஓடும் தடித்த குரல். மெட்டு பெண்களுக்கு, அவர்களுக்குத் தலைமை பிள்ளைக் காப்பகத்து ஆயா ரோஸ்மேரியம்மா. எனக்குச் சொல்லித்தந்தது அடிப்பாகம் மட்டும். வீட்டில் பழகினால், "தண்ணி மோட்டார் ஓடுது, யாராவது நிப்பாட்டுங்க" என்பாள் என் மனைவி. அவளும் இப்போது இல்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பேஸைத் தனியாகப் பாடினால் எந்தப் பாட்டென்று பாடுகிறவனுக்கே பிடிபடாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள். நான் மட்டும் தேவிகுளத்திலேயே வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தங்கிவிட்டேன். அந்த ஆறு ஆண்களில் இன்று உயிரோடிருப்பது நான் மட்டும். நேற்றுக் கொயர் முடிந்தபோது, இன்னும் ஒருமுறையாவது யாருடனாவது சேர்ந்து பாடிவிட வேண்டும் போலிருந்தது. திருநெல்வேலியில் மகனோடிருக்கும் ரோஸ்மேரியம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"கணக்குப்பிள்ளை ஐயாவா? இருங்க, பல்லுசெட்ட மாட்டிக்கிட்டு வாரேன்."

நாங்கள் கடைசியாகப் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தோம். போனில் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேருகிறது.

"ஐயா, முந்திட்டீக."

"நீங்கதான் பிந்துறீங்க."

மூன்று தடவை முட்டிக்கொண்டோம்.

"இது ஒத்துவராது. நீங்க சும்மா கேளுங்க, நான் பாடுதேன்."

பாடினார். குரல் நடுங்கியது, மெட்டு அசையவில்லை. அந்த மெட்டை முழுதாக நான் கேட்டது நேற்றுத்தான். பாடிய நாட்களிலெல்லாம் என் தாளத் தட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால், பெண்கள் நிறுத்திக்கொள்ள, ஆண்கள் மட்டும் பாடும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அவர் நிறுத்தினார். போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அவர் மூச்சு கேட்டது. சும்மா கேட்கச் சொன்னாரே என்று நானும் வாய் திறக்கவில்லை. தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு தட்டு. அத்தனைக்கும் ஒரு குரலும் வரவில்லை. பதினேழாவதில் ரோஸ்மேரியம்மா, இம்மி பிசகாமல், இரண்டாம் சரணத்தை எடுத்தார்.