என் பக்கம் திரும்பாத திரை

மெக்கானிக் ஸ்கேனரின் திரையைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்ட அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது, இதே மாதிரி ஒன்றை நானே வாங்கிவிட வேண்டும் என்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது அவருடைய ஷெட். எங்கள் காரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்றது. மேடு வந்தால் வண்டி திணறியது. அப்பாவும் நானும் கொண்டுபோயிருந்தோம். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த போர்ட்டில் வயரைச் செருகிக் கருவியைத் தட்டினார். என்ன வருகிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். உடனே அதைச் சட்டைப் பட்டனோடு அணைத்துக்கொண்டார். பேசியதோ அப்பாவிடம்.

“அண்ணாச்சி, பாப்பாவுக்கு டீ சொல்லட்டுமா? இது மிக்ஸி ரிப்பேர் இல்ல, செத்த நேரம் ஆகும்.”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார். நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்தவள். அதைச் சொன்னால் சிரிப்பு இன்னும் பெரிதாகும் என்று தெரிந்ததால் டீயைக் குடித்தேன். அந்த டீயின் சூடு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

மெக்கானிக் விளக்கை அணைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் மறுபடி எரிந்தது.

எங்களுக்கு அது சும்மா வீட்டுக் கார் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். அப்பா பேண்டேஜ் துணி நெய்கிறார். சுருள் சுருளாகக் கட்டி, அந்தக் காரின் பின்சீட்டை மடக்கி ஏற்றி, மருந்துக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கு முன்னால் பைக்கில் கட்டிக்கொண்டு மழையில் அலைந்தவர். கார் போனால் மறுபடி பைக்தான்.

முதலில் நான் வாங்கியது தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் டாங்கிள். போர்ட்டில் செருகிவிட்டு, போனில் ஆப்பைத் திறந்தால் கார் பேசும் என்று போட்டிருந்தார்கள். கார் ஒரே ஒரு வரி பேசியது. காற்றை அளக்கும் சென்சாரில் குறை. அதற்கு மேல் எதைக் கேட்டாலும் இணைப்பு அறுந்துவிடும். வண்டியை அணைத்து, போனை அணைத்து, ஆப்பை அழித்து, மறுபடி ஏற்றி, என்னென்னவோ பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா பொறுமை இழந்து மறுபடி அதே ஷெட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடவே போனேன். போன அவசரத்தில் டாங்கிளைக் கழற்ற மறந்துவிட்டேன். மெக்கானிக் குனிந்தார், கையை விட்டார், அதைப் பிடுங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார்.

“பாப்பா, ஒங்க பென் டிரைவ் இங்க கெடக்கு. பாட்டுக் கேக்கதுக்குச் சொருகுனீங்களோ?”

மறுபடி சிரிப்பு. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். வழி நெடுக அப்பா ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். நான் மனசுக்குள் அந்த ஷெட்டை ஒவ்வொரு தகரமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையே ராஜபாளையத்தில் சீட் கவர், ஹாரன் எல்லாம் விற்கிற பாய் கடையில் நின்றேன். கோபத்தோடு பொருள் வாங்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம் என்றுதான் நினைத்திருந்தேன். அது தப்பு. பழிவாங்க நினைக்கிறவளைப் போல இத்தனை நுணுக்கமாகக் கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் வேறு யாரும் இருக்க முடியாது.

பாய் முதலில் எடுத்து வைத்தது வண்டி காட்டுகிற பழுது எண்ணைப் படிக்கும், அதை அழித்து விளக்கை அணைக்கும், அவ்வளவுதான். அழிப்பதற்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் இருக்கிறாரே. இன்னொன்று ஷெட்காரர்கள் வைத்திருக்கிற பெரிய டேப்லெட். எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஆகும், வருஷா வருஷம் அப்டேட்டுக்குத் தனியாக அழ வேண்டும். உண்மையைச் சொன்னால் கை அதற்குத்தான் போனது. அவருடையதைவிடப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் டொம்மென்று வைப்பதாகக் கற்பனை வேறு ஓடியது.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “ஏம்மா, வண்டியச் சரி பண்ணப் போறியா, யாரையும் அடிக்கப் போறியா?”

“ரெண்டும்தான் பாய்.”

“அப்போ கனமா ஒண்ணு எடு. ஆனா அடிச்சிட்டு இங்க வந்து வாரண்டி கேக்கக் கூடாது.”

சிரித்ததில் கொஞ்சம் புத்தி வந்தது. எனக்கு வேண்டியது ஒரே வண்டியின் உண்மை. என்ஜின் ஓடும்போதே சென்சார்கள் சொல்கிற எண்களை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்த கணத்தில் வண்டி எப்படி இருந்தது என்கிற பதிவு வேண்டும். வயர் வைத்ததாக இருக்க வேண்டும், ப்ளூடூத்தை இனி ஜென்மத்துக்கும் நம்ப மாட்டேன். நடுத்தரமான ஒன்று அப்படிக் கிடைத்தது. பாய் தன் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து மாட்டிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: கடைசியாகப் பழுது எண்களை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம்.

“இது எதுக்கு பாய்?”

“அத யாரும்மா பாக்கா?” என்றார்.

நான் பார்த்தேன். அந்த வரி இருந்ததால்தான் அதை வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா போய் வண்டியை எடுத்து வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“இசிஎம் போயிருச்சாம்ட்டி. மூளையே அதுதானாம். எல்லாத்தையும் கழத்தி மாட்டி, லைட்ட அணைச்சிட்டு அய்யனார் கோவில் வரைக்கும் மேட்டுல ஏத்திப் பாத்தாராம். ஏறலையாம். வித்துருங்கன்னு சொல்லுதாரு. வாங்குறதுக்குப் பார்ட்டிகூட ரெடியா இருக்காம். வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு வருதாங்களாம்.”

“நீங்க என்னப்பா சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல. சரின்னேன்.”

என்ஜின் சூடு ஆறுவதற்குள் வாசலிலேயே ஸ்கேனரைச் செருகினேன். நேராக அந்த வரிக்குப் போனேன். அழித்த பிறகு ஓடிய தூரம் என்று காட்டியது அவர் ஷெட்டிலிருந்து எங்கள் வாசல் வரைக்குமான தூரம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அய்யனார் கோவில் மலை எங்கள் ஊருக்கும் மேற்கே இருக்கிறது. விளக்கை அணைத்தபின் அந்த வண்டி மலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அப்பா சாவியை வாங்க வருகிறார் என்று தெரிந்து, அப்போதுதான் மெக்கானிக் அழிக்கிற பட்டனை அமுக்கியிருக்கிறார்.

திரையையும் காரின் மீட்டரையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போனில் எடுத்துக்கொண்டேன்.  இவ்வளவு சுத்தமான சந்தோஷத்தை நான் தேர்வு முடிவில்கூட அனுபவித்ததில்லை.

என்ஜினை ஓடவிட்டு எண்களைப் பார்த்தேன். உள்ளே போகிற காற்றின் அளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பானட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினேன். திறந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஃபில்டரைச் சுற்றி, முன்னும் பின்னும், அழகாக மடிப்பு மடிப்பாகக் கட்டுப் போட்டிருந்தது. எங்கள் தறியில் நெய்த பேண்டேஜ் துணி. அதிலிருந்து பிரிந்த பஞ்சு இழைகள் அடுத்திருந்த சென்சாரின் மெல்லிய கம்பியில் நரைத்த தாடி மாதிரி ஒட்டியிருந்தன.

பின்னால் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார்.

“தறிக்கூடத்துல எம்புட்டுப் பஞ்சு பறக்கு. வண்டி அங்கதான நிக்கி. ஃபில்டர் அடைச்சுக்கிடும்னு நாந்தான் சுத்தி வச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போற துணிதானேட்டி, அதுல என்ன வந்துறப் போகுது?”

காயம்பட்டது எதுவானாலும் துணி சுற்றுகிற வீடு எங்களுடையது. இவர் காயம் படாததற்கும் சுற்றிவிட்டார்.

துணியை அவிழ்த்துவிட்டுப் புது ஃபில்டர் போட்டேன். சென்சாருக்கென்றே இருக்கிற ஸ்ப்ரேயை அடித்து, காயவிட்டு, மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் காற்றின் எண் துள்ளி ஏறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி பழைய குரலில் உறுமியது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஷெட்டில் போய் அந்தப் படத்தைக் காட்டினால், “அப்போ கோளாறு என்னவாம்?” என்று அவர் கேட்பார். பேண்டேஜ் கதை வெளியே வரும். இந்த முறை அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் டீ குடித்த அதே இடத்தில் அவர் தலை குனிந்து நிற்பார். அதை நினைத்ததும் பழி கசந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

சாப்பிடும்போது அப்பாதான் ஆரம்பித்தார். “என்னட்டி, கம்முன்னு இருக்க? வெள்ளிக்கிழமை போறோம்லா?”

“எதுக்குப்பா? விக்கவா?”

“விக்கவா? நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி நாலு கேள்வி கேக்கத்தான். அந்த எந்திரத்த எடுத்து வச்சுக்கோ.”

“துணியப் பத்திக் கேட்டா?”

“நானே சொல்லுதேன். எந்துணி, நாந்தான் சுத்துனேன். சிரிச்சா சிரிக்கட்டும். பெட்டியத் தெறந்திருந்தா ஒரு நிமிசத்துல அவரே கண்டுபிடிச்சிருப்பாருல்லா? எல்லாத்தையும் கழத்தி மாட்டுனேன்னாரே, இத மட்டும் எப்படிக் கழத்தாம விட்டாரு?”

நான் யோசிக்காத கேள்வி அது. கசப்பு போன இடம் தெரியவில்லை. இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் முதலில் அய்யனார் கோவில் பாதையில் வண்டியை ஏற்றப் போகிறேன். மெக்கானிக் ஏற்றாத மேட்டில், ஸ்கேனரை மாட்டியபடி, ஏறும்போது ஓடுகிற எண்களைப் பதிந்துகொண்டு. அப்படியே இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர். பார்ட்டி வந்து உட்காரட்டும். மலைக்குப் போன கதையை அவர் வாயாலேயே இன்னொரு தடவை எல்லோருக்கும் சொல்லட்டும். அப்புறம் வாசலில் எடுத்த அந்தத் தூரத்தின் படத்தைத் திறந்து, திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். டீ வந்தால் குடிக்க வேண்டும். குடித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, நீங்க ஏத்துனது எந்த மலை?”