ஐம்பதாம் எண் பிரேம்

1. காலியாக இருந்த நான்கு குழிகள்

மூன்று மணிக்கு லாரி. இரண்டே காலுக்குப் பேக்கிங் பிரிவிலிருந்து சரோஜா போன் செய்தார்.

"அண்ணே, கொஞ்சம் கீழ வாங்க. பெட்டியில நாலு குழி காலியா இருக்கு. கையில நாலு பிரேம் மிச்சம். ஆனா நம்பர் சேரல லா."

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் QC என்னும் தரச் சோதனை வேலை பார்த்தவன் நான். அந்தப் பெட்டி ஒரு பெரிய தொலைநோக்கிக்குப் போகவேண்டியது. அதன் கண்ணாடி பல அறுகோணத் துண்டுகளால் ஆனது. வார்ப்பது ஒரு நாடு, மெருகேற்றுவது இன்னொரு நாடு, நிறுத்துவது தென் அமெரிக்க மலை ஒன்றில். துண்டுகளைத் தாங்கும் அலுமினிய பிரேம்கள் எங்கள் பங்கு. முதல் தவணை முப்பத்தாறு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் துளைகள் மயிரிழை இடம் மாறியிருக்கும். நான்காம் பிரேம் நான்காம் துண்டுக்கு மட்டுமே பொருந்தும். இந்தத் தவணை சரியாகப் போனால்தான் மீதி ஆர்டர் எங்களுக்கு. சரிபார்ப்புத் தாளில் இருந்தது என் கையெழுத்து.

வாடிக்கையாளர் அனுப்பிய பெட்டியில் 1 முதல் 36 வரை எண்ணிட்ட குழிகள். 4, 14, 24, 34 காலி. மேசைமேல் கிடந்த பிரேம்களில் 37, 38, 39, 50 என்று பொறித்திருந்தது.

"முப்பத்தாறு இருந்துச்சே. மூணு தடவ எண்ணுனேன்" என்றேன்.

"எண்ணுனீங்கண்ணே. நம்பரப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. நான் அளந்து முடித்த பிறகுதான் வரிசைப்படி எண் பொறிப்பார்கள். அதன்பின் தலையை மட்டும் எண்ணிக் கையெழுத்திட்டேன்.

2. லிம் சொன்னது

பொறிக்கும் மெஷின் போர்மன் லிம்முடையது. மலாயில் நிதானமாகச் சொன்னார்: நான்கு ஆகாத எண், சீனத்தில் அதைச் சொன்னால் சாவு என்பதுபோல் கேட்கும், அது வரும் எதையும் அவர் பொறித்ததே இல்லை, அடுத்த எண்ணுக்குத் தாண்டிவிடுவார், இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. என் அடுக்குமாடியிலும் பதின்மூன்றாம் மாடிக்கு அடுத்தது பதினான்கு இல்லை, 13A. தினமும் லிப்டில் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறேன்.

மிச்சமுள்ள நாலையும் காலிக் குழிகளில் வைத்து மூடச் சொன்னார் மேனேஜர். நான் ஒப்பவில்லை. ஐந்து என்று பொறித்தது உண்மையில் நான்காவது. முதல் மூன்று மட்டுமே சரி; முப்பத்து மூன்று தப்பு. லாரி காலியாகப் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குத் திரும்பியது. அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து முப்பத்தாறையும் மறுபடி அளந்து, எது எதுவென்று அட்டவணை போட்டேன். பிறகு ஜப்பானில் இருந்த வாடிக்கையாளரின் பொறியாளருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

தங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் நான்காம் அறை கிடையாது என்றார் அவர். அட்டவணை இருக்கிறதா என்று கேட்டார். பொறித்ததை அழிக்கவேண்டாம், குழிகளின் எண்ணை மாற்றி அட்டவணையோடு அனுப்புங்கள் என்றார். அன்று மத்தியானம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

3. பன்னிரண்டு முறை

இரண்டாம் தவணை எங்களுக்கே வந்தது. 37 முதல் 72 வரை. பழைய எண்களோடு மோதாமலிருக்க முன்னால் ஒரு B. நாற்பது வந்ததும் லிம் என்னைக் கூப்பிட்டார். உனக்கு இது ஒன்றும் செய்யாது, பொத்தானை நீ அழுத்து என்றார். நான்கு வரும் எண்கள் பன்னிரண்டு. பன்னிரண்டையும் நானே அழுத்தினேன். கடைசியில் என் விரலும் கொஞ்சம் தயங்கியது. சரோஜா பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, உங்களுக்கும் தொத்திக்கிச்சா?"

முப்பத்தாறாம் கண்ணாடித் துண்டு இன்று அந்த மலையில் 50 என்று பொறித்த பிரேம்மேல் உட்கார்ந்திருக்கிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

புதிதாக QC-க்கு வருகிறவர்களே, பொருளை எண்ணுங்கள், பிறகு எண்ணைப் படியுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு எந்த எண் ஆகாது என்று கேட்டுவையுங்கள். எந்த டிராயிங்கிலும் அது இருக்காது.